சீன எழுத்து குப்பையாகத் தெரிந்தால் முதலில் பைட்டைப் பாருங்கள்

வலைச் செயலியில் சீன உரை குப்பையாக வந்ததும், கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட் எண்களாக்கும் முறைகளில், அதாவது என்கோடிங்குகளில், ஒன்று) என்று எழுதிப் பார்ப்பவர்கள் அதிகம். சில நேரம் சரியாகும். பல நேரம் நன்றாக இருந்த தரவும் சேர்ந்து கெடும். எதையும் மாற்றுவதற்கு முன் அந்தக் குப்பையை உற்றுப் பாருங்கள். எங்கே உடைந்தது, மீட்க முடியுமா என்ற இரண்டுமே அதிலிருந்து தெரிந்துவிடும்.

'நி ஹாவ்' என்ற வணக்கத்தை எடுத்துக்கொள்வோம். சீனத்தில் இரண்டே எழுத்து. யூடிஎஃப்-8இல் இது ஆறு பைட்: 228, 189, 160, 229, 165, 189. பழைய சீன என்கோடிங்கான ஜிபிகேயில் நான்கு: 196, 227, 186, 195. இங்கே தருவதெல்லாம் தசம எண்கள். கருவிகள் பதினாறடிமானத்தில் காட்டும், மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு எழுத்துக்குப் பதில் பொருளற்ற மூன்று வந்து, கடைசியில் ஒரு ஜப்பானியக் கதகானா எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால், யூடிஎஃப்-8 பைட்டுகளை ஜிபிகே என்று எண்ணி இரண்டிரண்டாகப் பிரித்திருக்கிறது. தலையில் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் அரை, கால் போன்ற பின்னக் குறிகளும் தெரிந்தால், வாசித்தது லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பிய என்கோடிங்காக. கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி என்றால் பெரும்பாலும் ஜிபிகே உரையை யூடிஎஃப்-8 என்று திறந்திருக்கிறது. திரையில் மட்டும் இப்படி இருந்தால் கவலையில்லை. மூலப் பைட்டுகள் பத்திரமாக இருக்கும்.

அந்த வைரத்தையே சேமித்துவிட்டால்தான் சிக்கல். வைரக் குறிக்கு யூடிஎஃப்-8இல் 239, 191, 189. இரண்டு வைரங்கள் அடுத்தடுத்து நின்று, அவற்றை யாராவது ஜிபிகேயாக வாசித்தால், சீன நிரலாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த 'குன் ஜின் காவ்' என்ற மூன்றெழுத்து கிடைக்கும். அதைச் சேமித்த தரவில் கண்டால் மூல உரை போய்விட்டது. தரவுத்தளத்தில் வெறும் 63, அதாவது சாதாரணக் கேள்விக்குறி, இருந்தாலும் அதே கதிதான்: பேக்கப்பைத் தேடுங்கள். வெற்றுக் கட்டங்கள் மட்டும் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள், என்கோடிங்கைத் தொடாதீர்கள்.

அடுத்து, பக்கம் வரும் வழி. உலாவியின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து சர்வர் பக்கத்தோடு அனுப்பும் கன்டென்ட்-டைப் ஹெட்டரைப் பாருங்கள்; என்கோடிங் பெயர் (சார்செட்) அதில் இருக்கும். ஹெட்டர் ஒன்றும், பக்கத்துக்குள்ளேயே சார்செட்டை எழுதும் மெட்டா டேக் வேறொன்றும் சொன்னால் ஹெட்டர்தான் ஜெயிக்கும். மெட்டா டேக் ஆவணத்தின் முதல் 1024 பைட்டுக்குள் முழுதாக இருக்க வேண்டும். வெளித்தளங்களிலிருந்து உரை எடுப்பவர்களுக்கு ஒன்று: ஹெட்டரில் சார்செட் இல்லாத எச்டிஎம்எல் பக்கத்தைப் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் லத்தீன்-1 என்றே எடுத்துக்கொள்ளும். பழைய சீனத் தளம் ஜிபி2312 என்ற சிறிய என்கோடிங்கை அறிவித்தாலும், அதையும் உள்ளடக்கிய ஜிபி18030 கொண்டு திறப்பதே பாதுகாப்பு. ஜிபி2312இல் 6763 சீன எழுத்துகளே உண்டு. அதற்கு வெளியே உள்ள எழுத்துகளையும் அதே பெயரில் கலந்து அனுப்பும் தளங்கள் ஏராளம்.

பெரும்பாலான தலைவலி மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில்தான். சந்தேகப்படும் ஒரு வரியை மட்டும் எடுத்து, பைட்டுகளைக் காட்டும் ஹெக்ஸ் ஃபங்ஷனில் போடுங்கள். 'நி' எழுத்துக்கு 228, 189, 160 வந்து, காலமும் (டேபிளின் நெடுவரிசை, column) யூடிஎஃப்8எம்பி4, அதாவது மைஎஸ்க்யூஎல்லின் முழு யூடிஎஃப்-8, என்றால் சேமிப்பு சரி; செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான இணைப்பைப் பாருங்கள். அதே மூன்று பைட், ஆனால் காலம் லத்தீன்1 என்றால், இதுவரை தளம் அதிர்ஷ்டத்தில் ஓடியிருக்கிறது: உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் இணைப்பு லத்தீன்1 என்ற ஒரே பொய்யைச் சொல்கிறது. யாராவது இணைப்பைத் திருத்திய அன்றுதான் உடையும். இங்கே காலத்தை நேரடியாக யூடிஎஃப்8எம்பி4 ஆக்கினால், ஏற்கெனவே யூடிஎஃப்-8ஆக இருக்கும் பைட்டுகள் மறுபடி மாற்றப்பட்டு இரட்டை என்கோடிங் ஆகிவிடும். முதலில் பிளாப் (என்கோடிங் இல்லாத வெறும் பைட் வகை) ஆக்கி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 டெக்ஸ்ட் ஆக்குங்கள்.

காலம் யூடிஎஃப்8எம்பி4ஆக இருந்தும் 195, 164, 194, 189, 194, 160 என்று ஆறு பைட் வந்தால் இரட்டை என்கோடிங் ஏற்கெனவே நடந்துவிட்டது. டேபிளை நகலெடுத்து, நகலில் வேலை செய்யுங்கள்: உரையை லத்தீன்1க்கு மாற்றி, அதைப் பைனரி ஆக்கி, யூடிஎஃப்8எம்பி4ஆக வாசிக்க வேண்டும். எல்லா வரிகளிலும் ஓட்டிவிடாதீர்கள். சரியாக இருக்கும் சீன வரி லத்தீன்1க்குப் போனால் கேள்விக்குறியாகிவிடும். லத்தீன்1க்குப் போய்த் திரும்பி வந்தும் பைட் மாறாத வரிகளை மட்டும் வடிகட்டித் திருத்துங்கள். கடைசிப் பைட்டான 160 லத்தீன்-1இல் பிரிபடாத இடைவெளி. செயலி அதை ஓர இடைவெளி என்று டிரிம் செய்து வெட்டியிருந்தால் அந்த எழுத்து மீளாது.

மைஎஸ்க்யூஎல்லின் பழைய 'யூடிஎஃப்8' மூன்று பைட்டோடு நின்றுவிடும். ஆள் பெயர்களில் வரும் சில அரிய சீன எழுத்துகளுக்கு நான்கு வேண்டும். அங்கே பிழை எண் 1366 எட்டிப்பார்க்கும், தவறான தரவை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் இல்லையென்றால் உரை அந்த இடத்தில் வெட்டுப்படும். யூடிஎஃப்8எம்பி4 பதிப்பு 5.5.3 முதல் உண்டு. மாற்றும்போது பழைய இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சின்) டேபிளில் 767 பைட் இன்டெக்ஸ் வரம்பு இடித்தால், 255 எழுத்துக் காலத்தின் இன்டெக்ஸை 191 எழுத்தாகக் குறையுங்கள், அல்லது ரோ ஃபார்மட்டை டைனமிக் ஆக்குங்கள்.

ஜிபிகே இணைப்பை இன்னும் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 191, 39 என்று இரண்டு பைட் உள்ளீடாக வந்தால், 39 என்ற மேற்கோள் குறியைச் செயலிழக்கச் செய்யப் பிஎச்பியின் ஆட்ஸ்லாஷஸ் ஃபங்ஷன் நடுவில் 92 (பின்சாய்வுக் கோடு) சேர்க்கும். ஜிபிகேயில் 191, 92 சேர்ந்து ஒரு சீன எழுத்து. கோடு அதில் கரைந்துபோவதால் தப்பித்துவிட்ட மேற்கோள் குறி, வெளியாள் தன் கட்டளையைத் தரவுத்தளத்தில் ஓட்டும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனுக்குக் கதவு திறக்கும். உள்ளீட்டைக் கட்டளையிலிருந்து பிரித்து அனுப்பும் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் பயன்படுத்துங்கள், இணைப்பு சார்செட்டை டிரைவர் அமைப்பிலேயே கொடுங்கள்.

சிஎஸ்வி ஏற்றுமதியை எக்செலில் திறப்பவர்களுக்காகக் கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற பிஓஎம் பைட்டுகளை (இது யூடிஎஃப்-8 என்று காட்டும் அடையாளம்) எழுதுங்கள். இல்லாவிட்டால் சீன விண்டோஸ் அதைத் தன் பழைய என்கோடிங்கான கோட் பேஜ் 936 என்றும், தைவான் விண்டோஸ் 950 என்றும் திறக்கும். அதே கோப்பைத் திரும்ப ஏற்றும் உங்கள் நிரல் இந்த மூன்று பைட்டையும் கழித்துவிட்டுத்தான் முதல் காலத்தின் தலைப்பைப் படிக்க வேண்டும்.