சிறு கேஜ் பழைய இரட்டைக்குழல்: வாங்கும் முன் எங்கே பார்க்க வேண்டும்

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் 12 கேஜில்தான் தொடங்குவார்கள். அதுதான் எங்கும் கிடைக்கும். என் மனசு போனதெல்லாம் 20, 28, .410 பக்கம். நல்ல கைவினைஞர் ஒருவர் முழு அக்கறையோடு செய்த 28 கேஜைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஏன் என்று புரிந்துவிடும்.

ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சமமான உருண்டைகளாக வார்த்தால் ஒவ்வொன்றும் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ, அந்த எண்தான் கேஜ். எனவே எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 12 கேஜ் 18.5 மி.மீ., 16 கேஜ் 16.8, 20 கேஜ் 15.6, 28 கேஜ் 14. .410 மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது அங்குல அளவு, சுமார் 10.4 மி.மீ.

தேடத் தொடங்கும் முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் படித்துவிடுங்கள். அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம் 1898 வரை செய்யப்பட்டதைப் பழம்பொருளாகக் கொள்கிறது. வேறு நாடுகளில் வேறு கணக்கு. உரிமம் கையில் இல்லாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது உடலின், அதாவது குழல் பொருந்தும் இரும்புச் சட்டகத்தின், அளவு. சிறு குழலுக்கேற்ப உடலும் சிறுத்திருக்க வேண்டும். பெரிய உடலில் சிறு குழலைப் பொருத்தி விற்றவையும் உண்டு. அவை சுடும், ஆனால் கையில் அந்த லாவகம் இருக்காது. அமெரிக்காவின் பார்க்கர் துப்பாக்கிகளில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். குழலின் அடியில் உள்ள கொக்கியில் உடல் அளவின் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 000 மிகச் சிறியது, பிறகு 00, 0, 1 என்று ஏறும். 16 கேஜ் பார்க்கர் 0 உடலிலும் வரும், 1 உடலிலும் வரும். இரண்டையும் அடுத்தடுத்துத் தூக்கிப் பார்த்தவர் 1-ஐத் தேடிப் போக மாட்டார்.

அப்புறம் குழலைக் கழற்றித் திருப்புங்கள். பக்கத் தகட்டில் இருக்கும் பூவேலை அழகாகவே இருக்கட்டும், அது காத்திருக்கும். துப்பாக்கியின் வரலாறு குழலின் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் துப்பாக்கி என்றால் லண்டன் அல்லது பர்மிங்காமில் குழலின் வலிமையைச் சுட்டுச் சோதிக்கும் சோதனைக்கூடத்தின் முத்திரைகள் இருக்கும். 'நாட் ஃபார் பால்' என்ற சொற்கள் தெரிந்தால் அது சோக் (குழல் வாயருகே உள்ள ஒடுக்கம்) வைத்த குழல், 1875-க்கும் 1887-க்கும் இடைப்பட்டது. வைரக் கட்டத்துக்குள் கேஜ் எண்ணும் 'சி' எழுத்தும் இருந்தால் 1887-க்குப் பிந்தியது. 'என்.பி.' என்ற எழுத்துகள் புகையற்ற மருந்துக்குச் சோதிக்கப்பட்டதைக் காட்டும். இந்த முத்திரை 1904-இல் வந்தது. பெல்ஜியத்தின் லியேஜில் செய்தவற்றில் நீள்வட்டத்துக்குள் 'ஈ.எல்.ஜி.' எழுத்துகள் இருக்கும். அமெரிக்காவில் அரசுச் சோதனைக்கூடம் கிடையாது. அதனால் அங்கே தயாரிப்பாளரின் குறிகளைத்தான் நம்ப வேண்டும்.

தோட்டா அறையின் நீளத்தில் கொஞ்சம் நின்று நிதானியுங்கள். பழைய 16, 20 கேஜ்களில் அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது சுமார் 65 மி.மீ. இன்றைய வழக்கமான தோட்டா 70 மி.மீ. ஆபத்து என்னவென்றால், 70 மி.மீ. தோட்டா அந்தக் குட்டை அறைக்குள் தடையில்லாமல் இறங்கும், துப்பாக்கியும் இயல்பாக மூடிக்கொள்ளும். பெட்டியில் போட்டிருப்பது சுட்டபின் வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அறைக்கு முன்னாலுள்ள ஒடுங்கிய பகுதிக்குள் திணிந்து, வழியைக் குறுக்கி, அழுத்தத்தை ஏற்றிவிடும். ஆகவே 'உள்ளே போகுது, மூடுது, அப்போ சரி' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அறை அளவி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். அறையைப் பின்னால் யாராவது நீட்டியிருந்தால், அதன் பிறகு மறுசோதனை முத்திரை விழுந்ததா என்று பாருங்கள்.

குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். ஒளி வளையங்கள் சீராக வந்தால் நல்லது. நெளிந்தால் அங்கே ஒரு சொட்டை. கரும்புள்ளிகள் துருக்குழிகள். ஒரு துளிகூடக் குறையில்லாமல் பளபளக்கும் பழைய குழலைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சிக்கு முன் சந்தேகம்தான் வரும். துருவை எடுக்க உள்ளே தேய்த்திருக்கலாம். முத்திரையில் உள்ள அளவையும் இப்போதைய அளவையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். குழல் சுவரின் கனத்தையும் அளக்கச் சொல்லுங்கள். சிறு கேஜில் சுவர் முதலிலேயே மெல்லியது. கடைசியாக, குழல்களைக் கொக்கியில் விரலால் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். கோயில் மணிபோல் நீண்டு ஒலிக்க வேண்டும். மொத்தென்று அடங்கினால் இரு குழல்களுக்கு நடுவிலுள்ள ரிப் எங்கோ பற்று விட்டிருக்கிறது.

குழல் வாயையும் நேராகப் பாருங்கள். வெட்டாத ஜோடியில் இரு குழல்களும் நுனியில் ஒன்றையொன்று தொடும், அல்லது மயிரிழை அளவே விலகியிருக்கும். நடுவில் இடைவெளி விழுந்து அதை ஈயப்பற்றாலோ துண்டு உலோகத்தாலோ அடைத்திருந்தால், குழலை வெட்டிக் குட்டையாக்கியிருக்கிறார்கள். சோக்கும் அதோடு போயிருக்கும்.

தோளில் பதியும் மரக்கட்டை விஷயத்தில் சிறு கேஜுக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. இவற்றில் பல சிறுவர்களுக்கும் பெண்களுக்கும் செய்து கொடுத்தவை. முன் விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை பெரியவர்களுக்குச் சுமார் பதினான்கரை அங்குலம் இருக்கும். சிறுவர் துப்பாக்கியில் 12, 13 அங்குலமே இருக்கலாம். கட்டை குட்டையாக இருக்கிறதே என்று விலக்காதீர்கள், அது அதன் பிறவி அளவு. பின்னால் மரம் ஒட்டி நீட்டியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். பூட்டுக்குப் (சுடும் பொறிக்குப்) பின்னால் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, எண்ணெய் ஊறி மரம் கறுத்துக் குழைந்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

குழல், உடல், முன்கட்டை மூன்றிலும் ஒரே வரிசை எண் இருக்க வேண்டும். திருகாணித் தலைகளின் வெட்டு கூர்மையாக இருந்தால், திறக்கத் தெரிந்தவர்தான் திறந்திருக்கிறார். சிறு கேஜை விரும்புவோர் அதிகம், கிடைப்பது குறைவு. அதனால் எளிய தரத் துப்பாக்கியில் பின்னால் பூவேலை செதுக்கி உயர்தரமாக்கி விற்பதும் நடக்கிறது. பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர்களின் பழைய ஆர்டர் ஏடுகள் இன்றும் இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்து, என்ன கேஜ், என்ன நீளத்தில் வெளியே போனது என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால், 1870-களுக்குப் பிறகு வந்த, வெளியே குதிரை (ஊசியைத் தட்டும் சுத்தியல்) தெரியும், தோட்டா அடியின் நடுவில் தட்டி வெடிக்கவைக்கும் சென்டர்ஃபயர் துப்பாக்கிகளைச் சொல்வேன். ஆன்சனும் டீலியும் 1875-இல் கொண்டுவந்த, குதிரை உள்ளே மறைந்த பாக்ஸ்லாக் அதற்கடுத்து. பிரெஞ்சுத் துப்பாக்கித் தயாரிப்பாளர் லெஃபோஷே வழிவந்த, தோட்டாவின் பக்கவாட்டில் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் பின்ஃபயர்களைப் பலர் ஒதுக்குகிறார்கள். வேலைப்பாட்டில் சிலது அபாரம், பொறுமையாகத் தேடுங்கள்.

இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழல்களைத் துப்பாக்கித் தொழில் தெரிந்தவர் அளந்து சோதிக்காமல் சுட வேண்டாம். 12-ம் 20-ம் ஒரே வீட்டில் இருந்தால் தோட்டாக்களைத் தனித்தனியே பூட்டுங்கள். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் சிக்கும். அதன் பின்னால் 12 தோட்டா போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இப்போதைய 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சளில் செய்வது இதனால்தான்.

வைக்கும்போது மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். வாய் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் கட்டைக்குள் இறங்கும். தோல் பெட்டி ஈரம் பிடிக்கும், அதில் நாள்கணக்கில் விடாதீர்கள். பூட்டின் வில்லைத் தளர்த்த வெறும் அறையில் விசையை இழுக்காமல் போலித் தோட்டா போட்டு இழுங்கள். தோட்டாவைத் தட்டும் பழைய ஊசி உடைந்தால் அதே அளவில் புதிதாகக் கடைந்துதான் ஆக வேண்டும்.