ஒன்ராறியோவுக்கு வரும் பாலர் பாடசாலை ஆசிரியைகளே, பணம் கட்டுமுன் இதை வாசியுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து கனடாவுக்கு வந்து, ஊரில் செய்த பாலர் பாடசாலை வேலையையே தொடர நினைக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். சமூகக் காப்புறுதி இலக்கம், மருத்துவ அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் உறவினர் யாராவது கூட்டிப்போய் முடித்துத் தருவார்கள். முதலுதவிப் பயிற்சியையும் பொலிஸ் சான்றிதழையும் வேலை தேடும்போது எடுத்துக்கொள்ளலாம். படிப்பில்தான் ஆளை விழுத்துகிறார்கள்.

ஊரில் ஒரு பயிற்சியை முடித்துவிட்டு, கிராமத்துச் சங்கமோ கோயில் நிர்வாகமோ கூப்பிட்டால் போய்ப் படிப்பிக்கத் தொடங்கிவிடுவோம். ஒன்ராறியோவில் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தைப் பருவக் கல்வியாளர் கல்லூரியில் பதிவு செய்தவர் மட்டுமே குழந்தைப் பருவக் கல்வியாளர் என்ற பதவிப் பெயரைப் பாவிக்கலாம். கல்லூரி என்றாலும் அங்கே வகுப்பு நடப்பதில்லை. வைத்தியர்களுக்கு மருத்துவ சபை போல, இது பதிவுக்கும் ஒழுங்குக்குமான அமைப்பு.

களுவாஞ்சிகுடியில் பல வருடம் படிப்பித்தவர் என் மச்சாள். ஸ்காபரோவில் ஒரு தனியார் கல்லூரிக்கு விசாரிக்கப் போனார். வரவேற்பில் இருந்ததும் நம் தமிழ்ப் பிள்ளைதான். "அக்கா, ஒரு வருடத்துக்குள் டிப்ளோமா கையில், பிறகு டே கெயாரில் வேலை" என்றது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். காப்பு இரண்டையும் விற்று மச்சாள் பணம் கட்டினார். கிடைத்தது குழந்தைப் பராமரிப்பு உதவியாளர் டிப்ளோமா. அதை வைத்துப் பதிவுக்கு விண்ணப்பிக்க முடியாது என்று யாரும் வாய் திறக்கவில்லை. சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். நேர்முகத் தேர்வுக்குப் போன இடத்தில் மேற்பார்வையாளர் கணினியில் அந்தப் பதிவு அமைப்பின் பொதுப் பதிவேட்டைத் திறந்து பெயரைத் தேடினார். பெயர் இல்லை. உதவியாளராக வேண்டுமானால் எடுக்கிறோம் என்றார்கள்.

இரண்டுக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம். அரசின் குறைந்த கட்டணத் திட்டத்தில் சேர்ந்த நிலையங்களில், பதிவு செய்தவருக்கு 2024இல் மணிக்கு 23.86 டொலர் அடிப்படைச் சம்பளமாக வைத்தார்கள். உதவியாளருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டரை வயது கடந்த 24 பிள்ளைகள் உள்ள வகுப்பில் மூன்று பெரியவர்கள் நிற்க வேண்டும். அதில் இருவர் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். பதிவு செய்தவர்களை நிலையங்கள் தேடித் திரிவது இதனால்தான்.

குழந்தைப் பருவக் கல்வியாளர் கல்லூரியின் இணையத்தளத்தில், பதிவுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட பாடநெறிகளின் பட்டியல் இருக்கிறது. நீங்கள் சேரப்போகும் பாடநெறி அதில் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். தமிழில் பேசுகிறார்கள் என்பதற்காக நம்பிக் கையெழுத்து வைக்காதீர்கள். ரொறன்ரோவில் சென்டனியல், ஜோர்ஜ் பிரவுன், செனெக்கா போன்ற அரச கல்லூரிகளில் இரண்டு வருட டிப்ளோமா உண்டு. நிரந்தர வதிவிடம் உள்ளவர்கள் மாகாண மாணவர் உதவிப் பணத்துக்கும் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே உதவியாளராக வேலை செய்பவர்கள், தகுதியை உயர்த்துவதற்கான மானியம் பற்றி உங்கள் நிலையத்திலேயே கேளுங்கள். மச்சாள் இப்போது அந்த வழியில்தான் திரும்பப் படிக்கிறார், பகல் வேலை, இரவு வகுப்பு.

ஊரில் நாலு வயதுப் பிள்ளையின் கொப்பி நிறைய எழுத்து இல்லையென்றால் தாய்மார் சண்டைக்கு வருவார்கள். இங்கே விளையாட்டுத்தான் படிப்பு. 2014இல் மாகாணம் வெளியிட்ட கற்பித்தல் வழிகாட்டியின் அடிப்படையே அதுதான். அதற்காகத் தாழ்வாக நினைக்க வேண்டாம். சிரட்டையிலும் ஊரியிலும் தென்னோலையிலும் விளையாட்டுச் சாமான் செய்து பிள்ளைகளை வளர்த்தவர்கள் நாங்கள். போரில் நொந்த பிள்ளைகளுக்காக 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கி, களிமண்ணாலும் கதையாலும் மனதை ஆற்றினார்கள். சுனாமிக்குப் பிறகு கல்லாற்றிலும் திருக்கோவிலிலும் பேசாமல் இருந்த பிள்ளைகளோடு நிலத்தில் குந்தியிருந்த ஆசிரியைகள் இன்னும் இருக்கிறார்கள். நேர்முகத்தில் இதையெல்லாம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

இன்னும் புறப்படாதவர்களுக்கு ஒன்று. ஊரில் படித்ததைத் தனிப்பட்ட மதிப்பீட்டுக்கு அனுப்பவும் இங்கே வழி உண்டு. அதற்குப் பெறுபேறும் பாடத்திட்ட விவரமும் வேண்டும். படித்த நிறுவனத்துக்கு இப்போதே நேரில் போய், வெளிநாட்டுக்கு நேரடியாக அனுப்பித் தருவார்களா, யாரிடம் கேட்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கே வந்த பிறகு, அதற்காக வயதான அப்பாவைக் கல்முனையிலிருந்து பஸ்ஸில் அலையவிட வேண்டிவரும்.