தென்னாப்பிரிக்காவில் இதய, நெஞ்சறை அறுவை நிபுணராவது எப்படி: படிப்படியான வழி

கோயில் திருவிழாவிலோ கலியாண வீட்டிலோ என்னைச் சந்திக்கும் பெற்றோர் எல்லாரும், மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்குவது எப்படி என்றே கேட்கிறார்கள். இதய அறுவை நிபுணராக விரும்பும் பிள்ளைக்கு அதைவிடக் குறுகலான வாசல், மருத்துவராகிச் சில ஆண்டுகள் கழித்து வரும் ரெஜிஸ்திரார் பதவி, அதாவது நிபுணராகப் பயிற்சி பெறும் மருத்துவமனைப் பணி. ஆகவே தொடக்கப் படிகளை விரைவாகச் சொல்லிவிட்டு அந்த இடத்துக்கு வருகிறேன்.

பத்தாம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது கணிதத்துக்குப் பதிலாக, அன்றாடக் கணக்கை மட்டும் கற்பிக்கும் ‘மேத்ஸ் லிட்டரசி’யை எடுத்தால் மருத்துவப் படிப்பை மறந்துவிட வேண்டியதுதான். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்துக்கு சி.ஏ.ஓ. என்ற மைய விண்ணப்ப அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவத்துக்கான கடைசி நாள் மற்றப் படிப்புகளுக்கு முன்பே வந்துவிடும். பெரும்பாலான கல்லூரிகளில் படிப்பு 6 ஆண்டுகள். அதன்பின் இன்டர்ன்ஷிப் 2 ஆண்டுகள், கட்டாயச் சமூக சேவை 1 ஆண்டு.

இன்டர்ன்ஷிப்பில் இதய அறுவைப் பிரிவு கட்டாயச் சுழற்சியாக இராது என்பதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். சனிக்கிழமை இரவில் நெஞ்சில் கத்திக்குத்துடன் வருபவர்களுக்குக் குறைவில்லாத நாடு இது. நெஞ்சறையில் தேங்கும் இரத்தத்தையும் காற்றையும் வெளியேற்றும் நெஞ்சுக் குழாய் போடுவதை அங்கேயே ஐயமறக் கற்றுக்கொள்ளுங்கள். ஐந்தாம் விலா இடைவெளியில், அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் தோலைக் கீறி, கீழ் விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டியே உள்ளே செல்ல வேண்டும், ஏனெனில் இரத்தக் குழாயும் நரம்பும் ஒவ்வொரு விலாவின் கீழ்விளிம்பில்தான் ஓடுகின்றன. குழாயைச் செலுத்துமுன் விரலை நுழைத்து, நுரையீரல் சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காசநோய் வந்து ஆறிய நெஞ்சில் அது ஒட்டியிருக்கும்.

இனி, என்னை நெடுநாள் நிறுத்திவைத்த படி. சமூக சேவை முடிந்ததும் யாரும் உங்களை ரெஜிஸ்திராராக அழைக்கமாட்டார்கள். மாகாணச் சுகாதாரத் துறை விளம்பரம் செய்யும் இடங்கள் சொற்பம். அதுவரை மெடிக்கல் ஆபீசராக, அதாவது நிபுணர் பயிற்சியில் சேராத மருத்துவராக, வேலை பார்த்தபடி, தென்னாப்பிரிக்க மருத்துவக் கல்லூரிகள் அமைப்பு நடத்தும் பிரைமரித் தேர்வை எழுதித் தேற வேண்டும். உடற்கூறு, உடலியங்கியல், நோய்க்கூறு ஆகியவற்றை மீண்டும் முதலிலிருந்து படிக்க வைக்கும் தேர்வு அது. பிரைமரி தேறாமல் நேர்முகத்துக்குப் போவது வீண் என்பது என் கருத்து. பொது அறுவைப் பிரிவில் ஓராண்டு, பின்பு இதய அறுவைப் பிரிவிலேயே மெடிக்கல் ஆபீசர் பணி என்ற வரிசை நல்லது. பிரிவுத் தலைவர் உங்கள் கைத்திறனை நேரில் பார்த்திருப்பார்.

பதவி கிடைத்தவுடன் முதல் வேலை, மருத்துவர்களைப் பதிவு செய்யும் எச்.பி.சி.எஸ்.ஏ. மன்றத்தில் பயிற்சி எண்ணுடன் பதிவானதை உறுதி செய்வது. அந்த எண் இல்லாமல் உழைத்த மாதங்கள் பயிற்சிக் காலத்தில் சேரா. மனிதவளப் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், பதிவுக் கடிதத்தின் நகலை நீங்களே கையில் வைத்திருங்கள். அறுவைக் குறிப்பேட்டிலும் இதே கண்டிப்பு வேண்டும்: நோயாளியின் பெயர் எழுதாமல், அறுவையின் பெயர், நீங்கள் செய்தது எந்தப் பகுதி, உடனிருந்தவர் யார் என்று அன்றே எழுதி, வாரக் கடைசிக்குள் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கைபேசிச் செயலிகளைவிடக் கெட்டி அட்டை நோட்டையே நான் நம்புகிறேன்.

தையல் கைப்பயிற்சிக்கு இறைச்சிக் கடையில் ஆட்டு இதயம் கிடைக்கும். புரட்டாசியில் நம் வீடுகளில் இறைச்சி நுழையாது என்பதால் அந்த மாதத்துக்கு மெல்லிய சிலிக்கோன் குழாயை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிறு இரத்தக் குழாய்களைத் தைக்கும் 7-0 பாலிபுரொப்பிலீன் நூல் தலைமயிர் அளவே இருக்கும். அதை இடுக்கியால் பிடித்தால் பிடித்த இடத்தில் நலிந்து பிறகு அறும், உலர்ந்த விரலால் முடிந்தால் முடிச்சு பாதி வழியில் நின்றுவிடும். விரலை நனைத்துக்கொண்டு முடியுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியை 2.5 மடங்கில் தொடங்குங்கள், 3.5 மடங்கு முதலில் தலைசுற்ற வைக்கும்.

பயிற்சி ஏறத்தாழ 5 ஆண்டுகள். அங்குள்ள குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் 1967 டிசம்பர் 3 அன்று கிறிஸ்டியன் பர்னார்ட் செய்த, மனிதருக்கு மனித இதயம் பொருத்திய உலகின் முதல் மாற்றுச் சிகிச்சையை நினைத்துக் கேப் டவுனையே பிடிவாதமாகக் கேட்பவர்கள் உண்டு. ஆனால் வாதக் காய்ச்சல் கெடுத்த இதய வால்வுகளும் காசநோய் அரித்த நுரையீரல்களும் டர்பனின் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கற்பவருக்கு அதுவே போதும்.

பலரை இறுதியில் நிறுத்துவது எம்.மெட். என்ற முதுகலை மருத்துவப் பட்டத்துக்கான ஆய்வேடு. 2011 முதல் அது இல்லாமல் நிபுணர் பதிவு கிடையாது, இறுதித் தேர்வில் தேறியிருந்தாலும். தரவு கைக்கெட்டும் தூரத்தில் உள்ள சிறிய கேள்வியைத் தேர்ந்து, முதல் ஆண்டிலேயே நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு அனுப்பிவிடுங்கள்.

பின்சேர்ப்பு: இரண்டு ஐயங்கள் அடிக்கடி வருகின்றன. அடைத்த இதயக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைப்பவர் இதய மருத்துவர், அறுவை நிபுணர் அல்லர். அவருடைய வழி பொது மருத்துவத்தின் ஊடாகச் செல்வது, இதில் சேராது. இந்தியாவிலோ வேறு நாட்டிலோ எம்.பி.பி.எஸ். முடித்துத் திரும்பும் நம் பிள்ளைகள் முதலில் மன்றத்தின் தகுதித் தேர்வை எழுத வேண்டும். சான்றிதழ்களைச் சரிபார்க்கவே மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், அங்கே இறுதியாண்டு படிக்கும்போதே அந்தப் பல்கலைக்கழகத்திடம் மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டம் ஆகியவற்றின் முத்திரையிட்ட நகல்களைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.