கிராமத்தில் கோடை முகாமா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

மே மாதம் ஆனால் ஊர்ப் பள்ளியிலோ கிளை நூலகத்திலோ கோடை முகாம் நடத்த இளைஞர்கள் முன்வருகிறார்கள். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள்கூட லீவு போட்டுவிட்டு வருகிறார்கள். நல்ல மனசு அது. ஆனால் முதல் நாள் நிரம்பி வழிந்து, மூன்றாம் நாள் பாதியாகக் கரைந்துபோகிற முகாம்களும் நிறைய உண்டு. ஊரின் நடப்பைப் பார்க்காமல் நகரத்து அட்டவணையை அப்படியே தூக்கிக்கொண்டு வருவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம்.

முதல் தவறு நேரம். காலை 10 முதல் மாலை 4 என்று நோட்டீஸ் அடித்துவிடுவார்கள். கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை கொளுத்தும். வேலூர், திருச்சி, மதுரை பக்கமெல்லாம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். தகரக் கூரைக்குக் கீழே மதியம் 2 மணிக்கு எந்தப் பிள்ளை பாடம் கேட்கும்? காலை 7 முதல் 10 வரை, மாலை 4 முதல் 6 வரை, அவ்வளவுதான். அதோடு விடுமுறையில் சத்துணவும் கிடையாது. அம்மா விடிகாலையிலேயே வேலைக்குப் போயிருந்தால் பிள்ளை வெறும் வயிற்றோடுதான் வரும். கம்பங்கூழோ சுண்டலோ ஏதாவது ஒன்று கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஊர்த் திருவிழா எப்போது என்றும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். காப்புக் கட்டிவிட்டால் முகாமுக்கு யாரும் வரமாட்டார்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கிற தவறு இதைவிடப் பெரியது. நிழல் இருக்கிறது, காற்று வருகிறது என்று கோயில் முன்திடலைப் பிடித்துவிடுவார்கள். பல ஊர்களில் காலனிப் பிள்ளைகள் அங்கே கால் வைக்கத் தயங்குவார்கள். யாரும் வாய்திறந்து தடுத்திருக்கவே மாட்டார்கள், ஆனாலும் வரமாட்டார்கள். ‘எல்லோரும் வரலாம்’ என்று நோட்டீஸில் போட்டால் போதாது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற அரசுப் பள்ளிதான் சரியான இடம். தலைமையாசிரியரிடம் முறையாக அனுமதி வாங்குங்கள், காலனிக்கு நேரில் போய் வீடு வீடாக அழையுங்கள். குழு பிரிக்கும்போது தெருவாரியாகப் பிரிக்காமல் கலந்து உட்காரவையுங்கள்.

பெண் பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள் என்பதற்கும் விடை எளிது. ஒன்று, கழிப்பறை பூட்டியிருக்கும், அல்லது தண்ணீர் வராது. இன்னொன்று, வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். சாவியை முதல் நாளே வாங்கிவையுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு மூலையில் பாய் விரித்து, மண் பொம்மைகளைப் போட்டுவிட்டால் அவனும் இருப்பான்.

சரி, என்ன செய்யவைப்பது? தெர்மாகோல், ரெடிமேட் கிட் என்று டவுனில் வாங்கி வருவதும், அண்ணன் மேசையில் செய்துகாட்ட நாற்பது பேர் எட்டிப் பார்ப்பதும் வீண்வேலை. நான்கைந்து பேருக்கு ஒரு குழு, கையில் பொருள், அருகில் ஒரு பெரியவர் என்று இருக்கட்டும். இது நுங்கு சீசன். நுங்கு தின்றபின் மிஞ்சும் இரண்டு காய்கள், நடுவில் ஒரு குச்சி, தள்ள ஒரு கவட்டைக் கொம்பு இருந்தால் நுங்கு வண்டி தயார். ஓட்டை நடுவில் இல்லையென்றால் வண்டி குதிக்கும். ஒரு காய் சின்னதென்றால் அந்தப் பக்கமாகவே வளைந்து வளைந்து போகும். ஏன் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். காயை மாற்றிப் பார்க்கட்டும், சண்டை போடட்டும். சக்கரமும் அச்சும் அப்போது தானாகப் புரியும்.

வானியலிலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்ட குச்சிக்கு நிழலே விழாத நிழலில்லா நாளைக் காட்டுகிறோம் என்று மே மாதம் அறிவித்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் அது ஏப்ரலிலேயே முடிந்துவிடும்: கன்னியாகுமரிப் பக்கம் 10 வாக்கில், சென்னையில் 24 வாக்கில். மறுபடி ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கத்துக்குள்தான். மே மாதத்துக்கு வேறொன்று இருக்கிறது. சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுவதால் நடுப்பகல் நிழல் தெற்கே விழும். முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, நிழலின் நுனியில் கூழாங்கல் வைத்துக்கொண்டே வரட்டும். நிழல் மிகக் குட்டையாவது 12 மணிக்கு அல்ல, மதுரைப் பக்கம் கால் மணி நேரம் கழித்துத்தான். இதை அவரவர் வீட்டு வாசலில், ஒரு நிமிடம் வெளியே வந்து குறித்துவிட்டு உள்ளே போகிற மாதிரி கொடுங்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வகுப்பறையில் குளவிக்கூடோ பாம்போ இருக்கலாம். பெரியவர்கள் பார்த்த பிறகே பிள்ளைகள் நுழையட்டும். ‘முடிந்ததும் கிணற்றில் ஒரு குளியல்’ என்று யாராவது கிளம்பினால் கண்டிப்பாக நிறுத்துங்கள். கிணறு, கல்குவாரிக் குட்டை, ஏரிப் பள்ளம் எல்லாம் கோடை விடுமுறையில்தான் பிள்ளைகளைக் காவு வாங்குகின்றன. நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் அதற்கென்று தனியாக, தேர்ந்த ஆள் வைத்து, ஒரு நேரத்தில் ஓரிருவருக்குத்தான். பெற்றோர் போன் எண்கள் கையில் இருக்கட்டும். எந்தப் பிள்ளையும் ஒரே ஒரு பெரியவரோடு தனியாக இருக்கக் கூடாது.

அப்புறம் அந்தக் கடைசி நாள் விழா. அதற்காகவே பாதி முகாம் நடன ஒத்திகையில் போய்விடுகிறது. பொன்னாடை, பேச்சு, முதல் மூவருக்குப் பரிசு என்று முடிந்தும் விடுகிறது. மேடையே வேண்டாம். சாயங்காலம் 5 மணிக்கு வீட்டுக்காரர்களை வரச் சொல்லி, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக் காட்டட்டும், குச்சி நிழலை விளக்கட்டும். கூட்டத்தில் எப்படியும் ஒரு தாத்தா, “எங்க காலத்துல ஓலையிலேயே கிலுகிலுப்பை முடைவோம் தம்பி” என்று சொல்வார். அவரை அங்கேயே பிடித்து அடுத்த வருஷ முகாமுக்குப் பேசி வைத்துவிடுங்கள்.