ஹெட்லைட் எரியலையா? புது பல்பு வாங்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துடுங்க

ஹெட்லைட் எரியலன்னா எல்லாரும் முதல்ல பல்பத்தான் மாத்துறோம். நானும் அப்படித்தான், இடது பக்கம் மங்கலா எரியுதுன்னு ஒரே மாசத்துல மூணு பல்பு மாத்துனேன், அப்பவும் மங்கல்தான், கடைசில பாத்தா பல்புல ஒரு குறையும் இல்ல, பாடில எர்த் வயர் மாட்டியிருக்குற போல்ட்டு துருப்பிடிச்சு கெடந்துச்சு. அதனால சொல்றேன், அளந்து பாத்துட்டு அப்புறம் செலவு பண்ணுங்க. ஒரு சாதா மல்டிமீட்டர் இருந்தா போதும்.

இங்க நான் சொல்றது ஹாலஜன் பல்பு வண்டிக்கு. எச்ஐடி (ஃபிலமென்ட் இல்லாம வாயுவுல எரியிற செனான்) லைட்டா இருந்தா கை வைக்காதீங்க, அது பத்திக்கிற நேரத்துல 20,000 வோல்ட்டுக்கு மேல போகும், மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க.

முதல்ல எது எரியல, எது எரியுதுன்னு நிதானமா பாருங்க, பாதி விடை அதுலயே இருக்கு. ஒரு பக்கம் மட்டும் போச்சுன்னா பல்பு, பிளக், அந்தப் பக்க எர்த், இல்லன்னா அந்தப் பக்க ஃபியூஸ் (நெறைய கார்ல ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி ஃபியூஸ்). ரெண்டும் ஒண்ணா போச்சுன்னா ரிலே (ஸ்விட்ச் போட்டதும் பல்புக்கு கரண்ட்ட திறந்து விடுற சின்ன டப்பா), ஸ்விட்ச் பக்கம் போங்க. எச்4 பல்புல டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி ஃபிலமென்ட், அதனால டிம் மட்டும் போயி பிரைட் எரியிறது சகஜம். பள்ளத்துல ஏறி இறங்கும்போது மினுக்குதுன்னா லூஸ் கனெக்ஷன்.

அடுத்து ஃபியூஸ். சாவிய ஆஃப் பண்ணிட்டு, ஃபியூஸ் பாக்ஸ் மூடில இருக்குற படத்த பாத்து ஹெட்லைட் ஃபியூஸ உருவுங்க. உள்ள இருக்குற மெல்லிசான பட்டி அறுந்திருந்தா கண்ணுக்கே தெரியும், சந்தேகமா இருந்தா மீட்டர்ல கண்டினியூட்டி (அறுபடாம இருந்தா பீப்னு கத்துற செட்டிங்) வெச்சுப் பாருங்க. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, என்ன இருந்துச்சோ அதையே போடணும். புதுசும் உடனே போச்சுன்னா எங்கயோ ஷார்ட் இருக்குன்னு அர்த்தம், அப்ப தயவுசெஞ்சு பெரிய ஃபியூஸ் போட்டுடாதீங்க, ஃபியூஸுக்கு பதிலா வயரே எரிஞ்சிடும்.

ரிலேக்கு ஒரு சுலபமான வழி, மேல அதே நம்பர் போட்ட ஹாரன் ரிலே இருந்தா ரெண்டையும் மாத்தி மாட்டிப் பாருங்க. டிக்னு சத்தம் வருது, அதனால ரிலே நல்லாருக்குன்னு மட்டும் முடிவு பண்ணாதீங்க, உள்ள காண்டாக்ட் கருகியிருந்தாலும் சத்தம் வரும்.

பல்பு ஆறுனதும் பிளக்க புடிச்சு இழுங்க, வயர புடிச்சு இழுக்காதீங்க. பிளக்கு வாய நல்லா உத்துப் பாருங்க, ஒரு ஓட்டைய சுத்தி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தா அந்த பின்னு லூஸாகி சூடாகியிருக்கு. 55 வாட் பல்பே நாலரை ஆம்பியருக்கு மேல இழுக்கும், அதுல 100/90 வாட் பல்பு மாட்டுனா பிளக்கு தாங்காது. உருகுன பிளக்க மாத்தியே ஆகணும், செராமிக் ஹோல்டர் போட்டுக்கோங்க. புது பல்போட கண்ணாடில விரல் படக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி அந்த இடம் மட்டும் சூடேறி சீக்கிரம் போயிடும்.

இப்பதான் முக்கியமான வேலை. பிளக்க கழட்டி வெச்சு வோல்ட்டேஜ் பாத்து 12 வருதுன்னு திருப்தி ஆயிடாதீங்க, கரண்ட்டே ஓடாதப்ப துருப்பிடிச்ச ஜாயின்ட் கூட முழு 12 காட்டும். பல்பு மாட்டுனபடியே லைட்ட போடுங்க, மீட்டர டிசி 20ல வைங்க, கருப்பு முனை பேட்டரி மைனஸ்ல, சிவப்பு முனைய ஒரு குண்டூசி வழியா பிளக்குக்குப் பின்னாடி எர்த் பின்னுல தொடுங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா எர்த் சரி. எனக்கு 2.3 காட்டுச்சு, அவ்வளவும் துருவுல வீணாப் போனா பல்பு எப்படி பளிச்சுன்னு எரியும்? எர்த் சரியா இருந்தும் மங்கலா இருந்தா சிவப்ப பேட்டரி பிளஸ்லயும் கருப்ப பிளக்கோட கரண்ட் வர்ற பின்லயும் வெச்சுப் பாருங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டுனா ஸ்விட்ச், ரிலே, நடுவுல இருக்குற ஜாயின்ட் இதுல ஏதோ ஒண்ணு தின்னுது. (சில வண்டில ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கும், ரெண்டு ஃபிலமென்ட்டுக்கும் பொதுவான பின்னுலயே 12 வரும், அத பாத்து குழம்பிடாதீங்க.)

எர்த் போல்ட்ட கழட்டி, வளையத்தையும் அது உக்கார்ற பாடி இடத்தையும் உப்புத்தாள்ல பளபளன்னு வர்ற வரைக்கும் தேய்ங்க, இறுக்கி முடுக்கிட்டு மேல கொஞ்சம் கிரீஸ் தடவுங்க. தேய்ச்சதும் எனக்கு 2.3 இருந்தது 0.1 ஆச்சு, கழட்டிப் போட்ட பழைய பல்பயே திருப்பி மாட்டுனேன், இன்னைக்கும் அதுதான் எரியுது.

கடைசியா வண்டிய ஒரு சுவத்துக்கு நேரா நிறுத்தி ரெண்டு பக்க வெளிச்சமும் ஒரே உயரத்துல விழுதான்னு பாருங்க, பல்பு கோணலா உக்காந்திருந்தா எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்கும், திரும்பக் கழட்டி காடில சரியா உக்கார வைங்க.