மூக்கடைப்பு ஸ்பிரேயை விடுவது எப்படி? ஒரு பக்கமாகத் தொடங்குங்கள்

சாதாரணச் சளிக்கு வாங்கிய ஸ்பிரே, சளி போய் நான்கு மாதம் ஆகியும் என் தலையணைக்கு அடியிலேயே கிடந்தது. பையில் ஒன்று, அலுவலக மேசையில் இன்னொன்று. ராத்திரி மூன்று மணிக்கு மூச்சு முட்டி எழுந்து, இருட்டில் துழாவி எடுத்து இரண்டு பக்கமும் அடித்துவிட்டுத் தூங்குவேன். கேட்பவர்களிடம் "அலர்ஜி" என்பேன். காது மூக்கு தொண்டை மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை நாளா ஸ்பிரே போடுறீங்க?"

முதலில் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். ஆக்ஸிமெட்டாசோலின் அல்லது சைலோமெட்டாசோலின் என்று இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்கு. உப்புநீர் ஸ்பிரேயும், ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரேயும் வேறு வகை. இதைப் படித்துவிட்டு அவற்றை நிறுத்திவிடாதீர்கள்.

அடைப்புக்குக் காரணம் சளி மட்டும் இல்லை. மூக்குக்குள் இருக்கும் சதை மடிப்புகளில் ரத்தம் நிரம்பி வீங்குவதால்தான் வழி மூடிக்கொள்கிறது. ஸ்பிரே ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் சில நிமிடங்களில் திறக்கிறது. ஆக்ஸிமெட்டாசோலின் 12 மணி நேரம் வரை தாங்கும். நாள்கணக்கில் போட்டால் மருந்து பழகிவிடும், வேகம் இறங்கியதும் வீக்கம் முன்பைவிட மோசமாகத் திரும்பும். மறுபடி அடிப்போம். எனக்கு 12 மணி 6 ஆகி, கடைசியில் 2 ஆனது. இதற்கு ரைனைட்டிஸ் மெடிகமென்டோசா என்று பெயர். பெட்டியில் '3 நாளுக்கு மேல் வேண்டாம்' என்று போட்டிருந்ததை நான் படிக்கவே இல்லை.

சரி, விடுவது எப்படி?

படி 1: மருத்துவரைப் பார்த்து ஒரு ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதி வாங்குங்கள். ரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு, கண் அழுத்த நோய் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பழைய ஸ்பிரே இவர்களுக்குப் படபடப்பையும் அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது.

படி 2: ஒரு பக்கத்தில் மட்டும் பழைய ஸ்பிரேயை நிறுத்துங்கள். நான் சறுக்கியது இங்கேதான். வீராப்பாக இரண்டு பக்கமும் ஒரே நாளில் நிறுத்தினேன். இரண்டு இரவு வாயால் மூச்சு விட்டு, தொண்டை காய்ந்து, மூன்றாம் இரவு தோற்றுப்போனேன். பிறகு இடது பக்கத்தை மட்டும் விட்டேன். வலது பக்கம் திறந்திருந்ததால் தூங்க முடிந்தது. இடது பக்கம் நான்கு நாள் கல் மாதிரி அடைத்துக் கிடந்தது. ஐந்தாம் நாள் காலையில் காபி வாசம் அந்தப் பக்கமாக வந்தது! முழுதாகத் திறக்க இரண்டு வாரம் ஆனது. அப்புறம்தான் வலது பக்கத்தைத் தொட்டேன். உங்களுக்கு நாள் கூடலாம், குறையலாம்.

நடுவில் ஒரு குழப்பம் வரும். திறந்த பக்கம் திடீரென்று லேசாக மூடும். அது தோல்வி இல்லை. மூக்கு இயல்பாகவே சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி மூச்சு விடும். அது தெரியாமல் நான் ஒரு நாள் பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டேன்.

படி 3: ஸ்டீராய்டு ஸ்பிரேயை இரண்டு பக்கமும் தினமும் போடுங்கள். உடனே திறக்காது, நாள்கள் ஆகும். இடது துவாரத்துக்கு வலது கை, வலது துவாரத்துக்கு இடது கை. தலையைச் சற்றுக் குனிந்து, முனையைக் காதுப் பக்கம் சாய்த்து அடியுங்கள். இரண்டு துவாரத்துக்கும் இடையிலுள்ள நடுத்தண்டைப் பார்த்து அடித்து அடித்துத்தான் எனக்குச் சில்லுமூக்கு உடைந்தது. பலமாக உறிஞ்சவும் வேண்டாம். தொண்டையில் கசந்தால் மருந்து வழி தவறிவிட்டது என்று அர்த்தம்.

படி 4: உப்புநீரால் கழுவுங்கள். கெண்டி மாதிரி மூக்கு வைத்த குவளையைவிட (நேத்தி குவளை) அழுத்தும் பாட்டில்தான் எனக்குப் பிடித்தது, குவளையில் பாதி சட்டையில்தான் போகிறது. 240 மில்லி தண்ணீர், அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை சமையல் சோடா. குழாய்த் தண்ணீரை அப்படியே விடக் கூடாது. கொதிக்கவைத்து ஆறவைத்ததோ, டிஸ்டில்டு வாட்டரோதான் வேண்டும். மூக்கு வழியாக மூளைக்குப் போகும் ஒரு அமீபா உண்டு. அபூர்வம்தான், வந்தால் பிழைப்பது அரிது.

சேர்க்கை 1: "ஒரு மாதமாகியும் திறக்கவில்லை" என்று இருவர் எழுதியிருந்தார்கள். தண்டு வளைவோ, சதை வளர்ச்சியோ முதலிலிருந்தே இருக்கலாம். மறுபடி மருத்துவரிடம் போங்கள்.

சேர்க்கை 2: வீட்டில் குழந்தை இருப்பதாக ஒருவர் சொன்னார். பழைய பாட்டிலை உடனே அப்புறப்படுத்துங்கள். சின்னக் குழந்தை 1, 2 மில்லி விழுங்கினாலே மயக்க நிலைக்குப் போகலாம், இதயத் துடிப்பு குறையலாம். விழுங்கிவிட்டால் காத்திருக்காமல் பாட்டிலோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.