பாலூட்டி இனப்பெருக்க உயிரியலில் ஆய்வு வாழ்க்கையை அமைத்துக்கொள்வது எப்படி

பாலூட்டிகளின் இனப்பெருக்கத்தை ஆராய வருபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த விலங்கில் தம் கேள்வியைக் கேட்பது என்பதைத்தான். எந்த மூலக்கூறு என்பது அதற்குப் பிறகு வருகிறது. சுண்டெலியின் கரு இரண்டு செல் நிலையிலேயே தன் மரபணுக்களை முழு அளவில் இயக்கத் தொடங்கிவிடும். மனிதக் கரு நான்கு முதல் எட்டு செல் நிலை வரையிலும், பசுவின் கரு எட்டு முதல் பதினாறு செல் நிலை வரையிலும் பொறுத்திருக்கும். மனிதரிலும் பசுவிலும் முதல் செல் பிரிவுக்கு உதவும் சென்ட்ரியோலை விந்தணு கொண்டுவருகிறது, சுண்டெலியின் விந்தணு கொண்டுவருவதில்லை. ஆகவே ஆண் மலட்டுத்தன்மையில் சென்ட்ரியோலின் பங்கை அறிய விரும்பும் ஒருவர், எளிதில் கிடைக்கிறதே என்று சுண்டெலியை எடுத்துக்கொண்டால், அந்தக் கேள்விக்கே இடமில்லாத விலங்கில் ஆண்டுகளைக் கழித்தவராவார். ஒரு மரபணுவை நீக்கி விளைவைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், நான்கைந்து நாள் சினைச்சுழற்சியும் ஏறத்தாழ 20 நாள் சினைக்காலமும் கொண்ட சுண்டெலிக்கு ஈடு வேறில்லை.

முனைவர் பட்டத்துக்கு ஆய்வகம் தேடும்போது, வழிகாட்டியின் புகழைவிட அந்த ஆய்வகத்தின் அன்றாட ஒழுங்கைக் கவனியுங்கள். எந்த மருந்தும் மாற்றமும் தராத கட்டுப்பாட்டுக் கருக்களில் எத்தனை விழுக்காடு, கருப்பையில் பதியத் தயாராகும் பிளாஸ்டோசிஸ்ட் நிலையை எட்டுகின்றன, அந்தக் கணக்கு தொடர்ந்து எழுதப்படுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஏட்டைப் புரட்டி உடனே பதில் சொல்லும் ஆய்வகத்தில் சேரலாம். "பொதுவாக நன்றாகத்தான் வரும்" என்ற பதில் கிடைத்தால் சற்று யோசிப்பது நல்லது.

முதல் ஆண்டைக் கைப்பழக்கத்துக்கே ஒதுக்க வேண்டும். கருக்களைச் சேகரிக்க, பெண் சுண்டெலிக்கு முட்டைகளை வளர்க்கும் முதல் ஹார்மோன் ஊசியைச் செலுத்தி, 46 முதல் 48 மணி நேரம் கழித்து முட்டைகளை வெளியேறத் தூண்டும் மனிதக் கோரியானிக் கொனாடோட்ரோபினைச் செலுத்தி, ஆணுடன் சேர்த்துவைத்தால், மறுநாள் காலை யோனியில் தெரியும் அடைப்பு இணைசேர்க்கை நடந்ததற்கு அடையாளம். அப்போது கருக்குழாயின் விரிந்த பகுதி உப்பி, ஒளி ஊடுருவும்படி தெரியும். அதன் சுவரை ஊசி முனையால் லேசாகக் கிழித்தவுடன், கியூமுலஸ் செல்கள் சூழ்ந்த கருக்கொத்து தானாகவே வழிந்து வெளியே வரும். ஹயலூரோனிடேஸ் நொதியில் சில நிமிடம் வைத்தால் அந்தச் செல்கள் உதிர்ந்துவிடும். அதற்கு மேல் வைத்தால் கருவுக்கே கேடு. பிறகு கருக்களை எண்ணெய் மூடிய சிறு ஊடகத் (வளர்ப்புத் திரவத்) துளிகளுக்கு மாற்ற வேண்டும். 37 டிகிரி செல்சியஸிலும் 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடிலும் சமநிலை அடைந்த பைகார்பனேட் ஊடகம், வெளிக்காற்றில் வைத்த சில நிமிடங்களிலேயே காரத்தன்மை ஏறத் தொடங்கும் என்பதால், நுண்ணோக்கியின் கீழ் தயங்கி நிற்கும் கை எவ்வளவு நல்ல கருவையும் கெடுத்துவிடும்.

கை தேர்ந்த பிறகும் கருக்கள் இரண்டு செல் நிலையில் நின்றுபோனால், உடனே உயிரியல் விளக்கம் தேட வேண்டாம். சில சுண்டெலி வகைகளின் கருக்கள் எளிய ஊடகங்களில் அந்த நிலையைத் தாண்டுவதில்லை என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. இரு வகைகளைக் கலந்து பெற்ற முதல் தலைமுறைக் கலப்பினத்தின் கருக்கள் அதே ஊடகத்தில் தாண்டிச் செல்லும். வகையில் குறையில்லை என்றால் எண்ணெய், நீர், பிளாஸ்டிக் தட்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சந்தேகிக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் எண்ணெயே ஆனாலும் தொகுதிக்குத் தொகுதி மாறக்கூடும். புதிய தொகுதி வந்தால் ஒரு பகுதியைக் கட்டுப்பாட்டுக் கருக்களில் சோதித்த பின்பே பயன்பாட்டுக்கு எடுக்க வேண்டும்.

நேரமும் ஊடகமும் இத்துறையில் எவ்வளவு பெரியவை என்பதற்கு, உடலுக்கு வெளியே மனித முட்டையைக் கருவுறச் செய்யும் முறையை உருவாக்கிய இராபர்ட் எட்வர்ட்ஸின் ஆய்வு வாழ்க்கையைப் பார்த்தால் போதும். எடின்பரோவில் சுண்டெலிகளில் தொடங்கிய அவர், மனித முட்டை ஏறத்தாழ 12 மணி நேரத்தில் முதிரும் என்ற முந்தைய அறிக்கையை நம்பிப் பார்த்தபோது எதுவும் நடக்கவில்லை. காத்திருப்பை நீட்டியபோதுதான், முதிர்ச்சி முழுமையடைய 36 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்து, 1965-இல் அதை வெளியிட்டார். அடுத்த தடை விந்தணு. பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில் சில மணி நேரம் தங்கிய பின்பே விந்தணு கருவுறுத்தும் திறன் பெறுகிறது என்ற கெப்பாசிடேஷனை எம். சி. சாங்கும் சி. ஆர். ஆஸ்டினும் 1951-இல் தனித்தனியே கண்டறிந்திருந்தனர். அந்தத் திறனை உடலுக்கு வெளியே எப்படித் தருவது என்ற கேள்விக்கு, ஹாம்ஸ்டர் விந்தணுவுக்காக பேரி பாவிஸ்டர் என்னும் ஆய்வு மாணவர் வகுத்த ஊடகம் வழிகாட்டியது. 1969-இல் உடலுக்கு வெளியே மனித முட்டை கருவுற்ற செய்தி எட்வர்ட்ஸ், பாவிஸ்டர், மகப்பேறு மருத்துவர் ஸ்டெப்டோ மூவர் பெயரிலும் வந்தது. இம்முறையில் முதல் குழந்தை பிறந்தது 1978-இல். எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு வந்தது 2010-இல். மனித ஆய்வுக்கே போகப்போகிறோம் என்று நினைப்பவரும் முயல், ஹாம்ஸ்டர், பசு பற்றிய பழைய கட்டுரைகளை விடாமல் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆய்வுக் கேள்வியைத் தேர்ந்தெடுக்கையில், விடை "இல்லை" என்று வந்தாலும் பயன் தரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். விந்தகத்தில் மிகுதியாக இயங்குகிறது, பல விலங்குகளில் மாறாமல் இருக்கிறது என்ற காரணங்களால் ஒரு மரபணுவை இன்றியமையாதது என்று கருதிவிட முடியாது: அத்தகைய 54 மரபணுக்களைச் சுண்டெலியில் ஒவ்வொன்றாக நீக்கியும் ஆண் சுண்டெலிகள் கருவுறுத்தும் திறனை இழக்கவில்லை என்று 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரே மரபணுவை நம்பி முழு ஆய்வேட்டையும் பணயம் வைக்காமல், இரண்டு மூன்றை ஒருங்கே தொடங்கி, இனப்பெருக்கச் சோதனையின் முடிவைப் பார்த்து ஒன்றில் ஆழமாக இறங்குவதே விவேகம்.

புள்ளியியலில் இத்துறையினர் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மூன்று தாய்களிடமிருந்து எடுத்த 60 கருக்களை 60 தனித்த சான்றுகளாகக் கணக்கிடக் கூடாது. மருந்து தாய்க்குத் தரப்பட்டிருந்தால் அங்கே மாதிரி எண்ணிக்கை மூன்றுதான். விலங்குகளின் எண்ணிக்கையை நெறிமுறைக் குழுவிடம் கேட்பதற்கு முன்பே இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். குறைவாகக் கேட்டு முடிவுக்கு வர முடியாமல் போனால், பயன்படுத்திய விலங்குகளும் வீணாகிவிடும்.

முனைவர் பட்டத்துக்குப் பின் செல்லும் ஆய்வகத்தில், விலங்கையோ உத்தியையோ ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சுண்டெலி முட்டையில் தேர்ந்தவர் பசு முட்டைக்கு மாறினால் கைத்திறன் கூடவே வரும். இரண்டையும் ஒருசேர மாற்றினால் மீண்டும் முதல் ஆண்டு மாணவராக நிற்க நேரிடும். மருத்துவமனையிலிருந்து வரும் மனித மாதிரிகளில் வேலை செய்ய விரும்புவோர், கொடையாளரின் ஒப்புதலுக்கும் கருக்களுக்கான தனி அனுமதிக்கும் நீண்ட காலம் ஆகும் என்பதை எண்ணி, விலங்கு மாதிரியில் இணையாக ஒரு வேலையை நடத்திவர வேண்டும்.

சொந்த ஆய்வகம் கிடைத்ததும் புதிய இன்குபேட்டரையும் நீரையும் கட்டுப்பாட்டுக் கருக்களைக் கொண்டு சோதித்துவிட்டு, விலங்குக்கூடத்தின் ஒளி, இருள் நேரங்களையும் நேரில் சரிபாருங்கள். இரவில் விளக்கு எரிந்தால் ஊசி போடும் கணக்கெல்லாம் பிசகிவிடும். நிதி விண்ணப்பத்தின் கால அட்டவணையை அதன் பிறகு எழுதுங்கள். சுண்டெலியில் விந்தாக்கத்துக்கு மட்டுமே 35 நாள் ஆகும். மரபணு நீக்கிய வரிசையை உருவாக்கி, தலைமுறைகளைக் கலந்து, ஆண்கள் பருவமெய்தி, மாதக்கணக்கில் நடக்கும் இனப்பெருக்கச் சோதனையும் முடிவதற்கு ஓராண்டுக்குக் குறையாது. இதையெல்லாம் ஆறு மாதத்தில் அடக்கிக் காட்டும் விண்ணப்பத்தை, இதே வேலையைச் செய்து பழகிய மதிப்பீட்டாளர் இரண்டாம் பக்கத்துக்கு மேல் நம்பிக்கையோடு படிக்க மாட்டார்.